மே மாதப் பூவுக்குத் தை மாதக் கணக்கு!

வேலைகளை நாள் வாரியாகப் படம் போட்டுக் காட்டும் "காலப் பட்டை"

ஊட்டி மலர்க் காட்சியை நேரில் பார்க்காதவர்கள் கூட, அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள்.

ஆண்டுதோறும் மே மாதம், அரசு தாவரவியல் பூங்காவில் அது நடக்கிறது. மாடங்களில் பூந்தொட்டிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். எந்தத் தொட்டியைப் பார்த்தாலும் பூ! மொட்டாக நிற்பதும் இல்லை. வாடித் தொங்குவதும் இல்லை.

ஆயிரக்கணக்கான செடிகள் ஒரே சமயத்தில் பூப்பது எப்படி? தற்செயலாக நடக்கிற காரியமா?

இல்லை. எல்லாம் கணக்கு!

மே மாதம் பூக்க வேண்டிய செடிக்கு, அதற்குப் பல மாதம் முன்பே, குளிர் காலத்திலேயே வேலை தொடங்கிவிடுகிறது. எந்த வகைச் செடி எத்தனை நாளில் பூக்கும் என்று தோட்டக்காரர்களுக்குத் தெரியும். பூக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்து, விதைக்க வேண்டிய நாளைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இந்தக் கணக்கைப் படமாகப் போட ஒரு வழி இருக்கிறது. செல்போனோ கம்ப்யூட்டரோ வைத்திருக்கும் எந்தக் குடும்பமும் அதைக் காசு செலவு இல்லாமல் போடலாம். வீடு கட்டுவதற்கு, கல்யாணத்துக்கு, தேயிலைத் தோட்டத்துக்கு, எதற்கும் அது உதவும்.

பூவுக்கு அவசரம் தெரியாது

ஊட்டி தாவரவியல் பூங்காவின் வேலை 1848-ம் ஆண்டு தொடங்கியது. அதை அமைத்தவர் வில்லியம் கிரகாம் மக்ஐவர். லண்டனுக்கு அருகே உள்ள புகழ் பெற்ற கியூ பூங்காவிலிருந்து வந்தவர் அவர். ஊட்டியில் முதல் மலர்க் காட்சி 1896-ல் நடந்தது. 2025-ல் நடந்தது 127-வது காட்சி.

காட்சி தொடங்கும் தேதி எல்லா ஆண்டும் ஒன்றாக இருப்பதில்லை. 2022-ல் மே 20-ந் தேதி தொடங்கியது. 2023-ல் மே 19. 2024-ல் மே 10. 2025-ல் மே 15. கொரோனா நோய் பரவிய 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் காட்சியே நடக்கவில்லை.

2023-ஐ விட 2024-ல் ஒன்பது நாள் முன்னதாகவே காட்சி வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மனிதனிடம், "கொஞ்சம் சீக்கிரம் முடித்துக் கொடப்பா" என்று கேட்கலாம். கூடுதல் கூலி கொடுத்து, இரவிலும் வேலை வாங்கலாம். பூவிடம் அது நடக்குமா? 120 நாளில் பூக்கும் செடிக்கு 120 நாள் கொடுத்தே ஆக வேண்டும். காட்சி ஒன்பது நாள் முன்னே வந்தால், விதையும் ஒன்பது நாள் முன்னே மண்ணுக்குள் போயிருக்க வேண்டும்.

இதில் பூங்காவின் பெயர் மட்டும் அடங்கியிருக்கவில்லை. ஊட்டியில் விடுதி நடத்துகிறவர், வாடகைக் கார் ஓட்டுகிறவர், தேநீர்க் கடைக்காரர், வேர்க்கடலை விற்கிறவர் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு மே மாதக் கூட்டம்தான் ஆண்டின் பெரிய வருமானம். பூ பிந்தினால் கூட்டம் காத்திருக்காது.

படத்தைக் கண்டுபிடித்தவர் யார்?

வேலைகளைப் பட்டை பட்டையாக வரைந்து காட்டும் இந்தப் படத்துக்குக் "கேன்ட் சார்ட்" என்று பெயர். ஹென்றி கேன்ட் என்ற அமெரிக்க எஞ்சினீயரின் பெயரால் அது வழங்குகிறது. அவர் 1861-ல் பிறந்து 1919-ல் இறந்தவர். தொழிற்சாலைகளில் எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று ஒரே பார்வையில் தெரிய, இந்தப் படங்களைப் போட்டார்.

அவருக்கு முன்பே போலந்து நாட்டு எஞ்சினீயர் கரோல் அடமீஸ்கி என்பவர் 1896-ல் இதே போன்ற ஒரு படம் போட்டிருந்தார். அவர் போலந்து மொழியிலும் ரஷ்ய மொழியிலும் எழுதியதால் மேல் நாடுகளில் பலருக்குத் தெரியாமல் போயிற்று. ஊட்டியில் முதல் மலர்க் காட்சி நடந்ததும் அதே 1896-ல்தான்!

படத்தின் அமைப்பு மிகவும் எளிது. இடது பக்கம் வேலைகளின் பெயர், ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். மேலே அல்லது கீழே நாட்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை. வேலை தொடங்கும் நாளில் பட்டை தொடங்கும். முடியும் நாளில் முடியும். நீண்ட வேலைக்கு நீண்ட பட்டை. சிறிய வேலைக்குச் சிறிய பட்டை. அவ்வளவுதான்.

முன்பு இதைக் காகிதத்தில், அடிமட்டம் வைத்து வரைந்தார்கள். ஒரு வேலை நான்கு நாள் பிந்தினால் படம் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி வரைய வேண்டும். அதுதான் கஷ்டம்.

இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. கட்டம் போட்ட கணக்குத் தாள் இன்டர்நெட்டிலேயே கிடைக்கிறது. "கூகுள் ஷீட்ஸ்" என்பது அப்படி ஒன்று. 2006-ம் ஆண்டு வந்தது. கூகுள் கணக்கு வைத்திருப்பவர் இலவசமாக உபயோகிக்கலாம்.

ஓர் உதாரணக் கணக்கு

வீட்டில் பூந்தொட்டி வளர்க்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மே 15-ந் தேதி தொட்டிகள் பூத்து நிற்க வேண்டும். அதாவது மே 14-ந் தேதிக்குள் எல்லா வேலையும் முடிந்திருக்க வேண்டும். வேலைகள் இவை:

பாத்திக்கு மண்ணும் உரமும் கலப்பது – 10 நாள்.

விதைத்து முளைக்க வைப்பது – 15 நாள்.

நாற்று வளர்ப்பது – 30 நாள்.

தொட்டிக்கு மாற்றி, பூக்கும் வரை வளர்ப்பது – 60 நாள்.

தொட்டிகளை மாடத்தில் அடுக்குவது – 5 நாள்.

மொத்தம் 120 நாள்.

மே 14-ல் இருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். மே மாதத்தில் 14 நாள். ஏப்ரல் 30. மார்ச் 31. பிப்ரவரி 28. இதுவரை 103 நாள். மீதி 17 நாளை ஜனவரியில் எடுத்தால், வேலை தொடங்க வேண்டிய நாள் ஜனவரி 15.

தைப் பொங்கல் சமயம்! வீட்டில் பொங்கல் பானை பொங்கும்போது தோட்டத்தில் மண்வெட்டி இறங்க வேண்டும். மே மாதப் பூவுக்குத் தை மாதத்தில் கணக்கு என்பது இதுதான்.

தாளில் எழுதும் முறை

தாளைத் திறந்ததும், மேலே ஏ, பி, சி, டி என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவை நெடு வரிசைகளின் பெயர். பக்கத்தில் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். அவை குறுக்கு வரிசைகளின் பெயர். "பி" வரிசையும் 2-வது வரிசையும் சந்திக்கும் பெட்டிக்கு "பி2" என்று பெயர்.

முதலில் ஒரு சிறு காரியம் செய்ய வேண்டும். "பைல்" என்ற இடத்தைத் தொட்டு, "செட்டிங்ஸ்" என்பதில், "லொகேல்" என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால், அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படிக்கும் தாளாக அது இருக்கக் கூடும். பிப்ரவரி 5 என்று நினைத்து 5/2 என்று எழுதினால், அது மே 2 என்று எடுத்துக்கொள்ளும். கணக்கு முழுவதும் தவறிவிடும்!

பிறகு, முதல் குறுக்கு வரிசையில் நான்கு தலைப்புகள் எழுத வேண்டும். ஏ1-ல் "வேலை". பி1-ல் "தொடக்கம்". சி1-ல் "எத்தனை நாள்". டி1-ல் "முடிவு".

2-வது வரிசையில் முதல் வேலை. ஏ2-ல் "மண் கலப்பது". பி2-ல் ஜனவரி 15. சி2-ல் 10.

முடிவுத் தேதியைக் கையால் எழுதக் கூடாது. தாளையே கணக்குப் போடச் சொல்ல வேண்டும். டி2 பெட்டியில் =பி2+சி2-1 என்று, எழுத்துகளை ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். ஜனவரி 24 என்று விடை வரும். முதல் நாளும் வேலை நாள்தான். ஆகவேதான் ஒன்றைக் கழிக்கிறோம்.

இப்போது முக்கியமான இடம். இரண்டாவது வேலை, முதல் வேலை முடிந்த மறுநாள் தொடங்குகிறது. ஆகவே பி3 பெட்டியில் =டி2+1 என்று எழுத வேண்டும். ஜனவரி 25 என்று வரும். இப்படியே ஒவ்வொரு வேலையின் தொடக்கத்தையும் அதற்கு முந்திய வேலையின் முடிவோடு கட்டிவிட வேண்டும்.

ரெயில் பெட்டிகளை ஒன்றோடு ஒன்று மாட்டுவது போல! என்ஜின் நகர்ந்தால் எல்லாப் பெட்டியும் நகரும்.

தேதிக்குப் பதிலாக 46037 என்பது போல ஓர் எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இந்தத் தாள் ஒவ்வொரு நாளையும் ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 1899-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி அதற்கு 1-வது நாள். அங்கிருந்து எண்ணினால் 2026 ஜனவரி 15 என்பது 46,037-வது நாள். பெட்டிக்குத் தேதி வடிவம் கொடுத்துவிட்டால், மறுபடி தேதியாகத் தெரியும்.

பட்டை வரைவது எப்படி?

பட்டை வரையக் கம்ப்யூட்டர் சௌகரியமானது.

தாளின் ஓர் ஓரத்தில் மூன்று நெடு வரிசைகள் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். முதலாவது, வேலையின் பெயர். இரண்டாவது, ஜனவரி 15-ல் இருந்து எத்தனை நாள் தள்ளி அந்த வேலை தொடங்குகிறது என்ற எண். மூன்றாவது, வேலைக்கு எத்தனை நாள் என்ற எண்.

நமது உதாரணத்தில் இரண்டாவது வரிசை 0, 10, 25, 55, 115 என்று வரும். இதையும் கையால் எழுதாமல், அந்த வேலையின் தொடக்கத் தேதியிலிருந்து ஜனவரி 15-ஐக் கழித்து வரச் செய்ய வேண்டும். தேதி வடிவில் வந்தால் எண் வடிவுக்கு மாற்றிவிட வேண்டும். மூன்றாவது வரிசையும் சி வரிசையிலிருந்தே வர வேண்டும். அப்போதுதான் தேதி மாறினால் படமும் மாறும்.

மூன்று வரிசைகளையும் தேர்ந்தெடுத்து, "இன்சர்ட்" என்ற இடத்தில் "சார்ட்" என்பதைத் தொட வேண்டும். படத்தின் வகைகளில் "ஸ்டேக்டு பார் சார்ட்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு துண்டு உள்ள பட்டை வரும். முதல் துண்டு, வேலை தொடங்கும் வரை காத்திருக்கும் நாள். இரண்டாவது துண்டுதான் வேலை. ஆகவே முதல் துண்டின் வண்ணத்தை எடுத்துவிட வேண்டும்.

முதல் துண்டு மறைந்ததும், மீதிப் பட்டைகள் படிப்படியாக இறங்கி நிற்கும். மலைச் சரிவில் வெட்டிய படிக்கட்டு மாதிரியே இருக்கும்!

செல்போன் மட்டும் உள்ளவர்கள் இன்னும் சுலபமாகச் செய்யலாம். வாரத்துக்கு ஒரு பெட்டி என்று 18 பெட்டிகளை எடுத்துக்கொண்டு, வேலை நடக்கும் வாரங்களுக்கு மட்டும் வண்ணம் தீட்டினால் போதும். ஆனால் இந்தப் பட்டை தானாக நகராது. தேதி மாறினால் வண்ணத்தையும் மாற்ற வேண்டும்.

பனி விழுந்தால்?

ஊட்டியில் குளிர் காலத்தில் உறைபனி விழும். காலையில் புல்வெளி வெள்ளை வெளேர் என்று இருக்கும். பார்க்க அழகு. இளம் செடிக்கோ எமன்! தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் என்ற செடியின் தழைகளால் மூடிப் பூஞ்செடிகளைப் பனியிலிருந்து காப்பாற்றுகிறார்கள்.

நமது உதாரணக் குடும்பத்தின் முளைகள், பிப்ரவரி 8-ந் தேதி பனியில் கருகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். மறுபடி விதைக்க வேண்டும். தாளில் சி3 பெட்டியில் இருக்கும் 15-ஐ 30 ஆக மாற்றினால் போதும். எல்லாத் தேதியும் கண் மூடித் திறப்பதற்குள் மாறிவிடும்.

நாற்று வேலை மார்ச் 25-ல் முடியும். தொட்டி வேலை மே 24-ல் முடியும். மாடத்தில் அடுக்கும் வேலை மே 29-ல் முடியும்.

மே 15-ல் கூட்டம் வந்து நிற்கிறது. தொட்டியில் மொட்டு!

படம் இல்லாதவருக்கு இந்தச் செய்தி மே மாதம்தான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்? படம் போட்டவருக்குப் பிப்ரவரி 8-ந் தேதியே தெரிந்துவிடுகிறது. அவர் கையில் இன்னும் 95 நாள் இருக்கிறது. அதே செடி வேண்டும் என்றால் 110 நாள் வேண்டும், நேரம் போதாது. ஆனால் செண்டுமல்லி போல, குறைந்த நாளில் பூக்கும் வேறு வகையை விதைக்கலாம். தொட்டி காலியாக நிற்காது.

இந்தப் படத்தின் உண்மையான உபயோகம் இதுதான். அது பட்டையின் அழகில் இல்லை. கேட்டைக் கேடு நடந்த அன்றே சொல்லிவிடுகிறது. மாற்று வழி தேட நாள் கொடுக்கிறது.

கையிருப்பு நாள்

அனுபவசாலிகள் இன்னொன்றும் செய்வார்கள். வேலைகளுக்கு நடுவே "பனிக்கு" என்று ஒரு வரி எழுதி, 20 நாள் ஒதுக்கி வைப்பார்கள். அப்படியானால் ஜனவரி 15-க்குப் பதிலாக டிசம்பர் 26-ந் தேதியே மண் கலக்க வேண்டும்.

பனி விழாவிட்டால் அந்த 20 நாள் வீண்தானே? வீண் இல்லை. செடி முந்திக்கொண்டு வளர்ந்தால், நுனியைக் கிள்ளிவிடுகிறார்கள். செடி பக்கக் கிளை விட்டு, பிந்திப் பூக்கும். முந்திய செடியை நிறுத்தி வைக்க வழி உண்டு. பிந்திய செடியை ஓட வைக்க வழி இல்லை.

எல்லா வேலையும் சங்கிலியில் சேராது என்பதையும் அறிய வேண்டும். தொட்டிகளுக்கு வண்ணம் பூசும் வேலையை ஜனவரியிலும் செய்யலாம், பிப்ரவரியிலும் செய்யலாம். மார்ச் 11-க்குள் முடிந்தால் போதும். அது பத்து நாள் பிந்தினாலும் பூ பிந்தாது. முளைக்க வைக்கும் வேலை ஒரு நாள் பிந்தினால், பூவும் ஒரு நாள் பிந்தும். எந்த வேலையைக் கண் கொத்திப் பாம்பு போலக் கவனிக்க வேண்டும் என்று படத்தைப் பார்த்தாலே புரியும்.

பணமும் ஒரு பட்டை

வேலை மட்டும் இருந்தால் போதாது. பணமும் வேண்டும். அதற்கு நீலகிரி மலை ரெயிலே சாட்சி.

மலைக்கு ரெயில் விட வேண்டும் என்ற யோசனை 1854-ல் எழுந்தது. பல் சக்கர ரெயிலில் பெயர் பெற்ற சுவிட்சர்லாந்து எஞ்சினீயர் ரிக்கன்பாக் 1882-ல் வந்து பார்த்தார். வேலை 1891-ல் தொடங்கியது. நடுவில் கம்பெனி நொடித்துப்போயிற்று. புதிய கம்பெனி வந்து வேலையைத் தொடர்ந்தது. 1899 ஜூன் 15-ந் தேதி குன்னூர் வரை ரெயில் ஓடியது. ஊட்டியைத் தொட்டது 1908-ல்.

யோசனை தோன்றியதிலிருந்து 54 ஆண்டு! 46 கிலோ மீட்டர் பாதை, 16 குகைகள், 208 வளைவுகள். மலையைக் குடைந்தது பெரிய வேலைதான். ஆனால் பணம் நின்ற போது குகை வேலையும் பாலம் வேலையும் சேர்ந்து நின்றன.

ஆகவே வீட்டு வேலைக்குப் படம் போடுகிறவர்கள் "கடன் பணம் கைக்கு வருவது", "சீட்டுப் பணம் எடுப்பது" என்றும் ஒரு வரி எழுத வேண்டும். அந்தப் பட்டை முடிந்த பிறகே செங்கல் வாங்கும் பட்டை தொடங்க வேண்டும்.

வீட்டுக்கும் தோட்டத்துக்கும்

நீலகிரியில் வீடு கட்டுகிறவருக்குக் கடைசி நாளை மழை முடிவு செய்கிறது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். அதற்குள் கூரை போட்டாக வேண்டும். கான்கிரீட் போட்ட மறுநாளே பலகையைப் பிரிக்க முடியாது. தண்ணீர் விட்டு இறுக விட வேண்டும். அதுவும் பூவைப் போலத்தான். அவசரப்படுத்த முடியாது. ஆகவே ஜூன் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, அஸ்திவாரம் தோண்டும் நாளைத் தீர்மானிக்க வேண்டும்.

சிறு தேயிலை விவசாயிக்கு இன்னும் நீண்ட பட்டை வேண்டும். தேயிலைச் செடியைச் சில ஆண்டுக்கு ஒரு முறை கவாத்து செய்ய வேண்டும். கவாத்து செய்த இடத்தில் சில மாதம் கொழுந்து கிடைக்காது. தோட்டம் முழுவதையும் ஒரே ஆண்டில் வெட்டினால், அடுப்பு எரிவது எப்படி? தோட்டத்தை நான்காகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதி என்று நான்கு ஆண்டுக்குப் பட்டை போட்டால், எந்த மாதமும் வருமானம் முற்றிலும் நிற்காது. பள்ளிக்கூடச் சம்பளம் கட்டும் மாதத்தில் கவாத்து வராமல் பார்த்துக்கொள்ளவும் முடியும்.

தாளின் மேல் மூலையில் "ஷேர்" என்ற பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டு, குடும்பத்தார் எல்லோருக்கும் தாளைக் காட்டலாம். வெளியூரில் வேலை பார்க்கும் மகனும் அதே தாளைப் பார்ப்பான். பார்க்க மட்டும் அனுமதி கொடுப்பதும், திருத்த அனுமதி கொடுப்பதும் தாளுக்கு உரியவர் கையில் இருக்கிறது. திருத்தும் உரிமை ஒருவர் அல்லது இருவரிடம் இருப்பது நல்லது. பத்துப் பேர் கை வைத்தால் எந்தத் தேதி சரி என்று யாருக்கும் தெரியாது.

படம் போட்டுவிட்டு மறந்துவிட்டால் பயன் இல்லை. வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்றாவது வைத்துக்கொண்டு, தாளைத் திறக்க வேண்டும். எந்த வேலை முடிந்தது, எது பிந்தியது என்று உள்ளபடி எழுத வேண்டும். பிந்தியதை மறைத்து எழுதினால், தாளும் பொய் சொல்லும். கடைசித் தேதியும் பொய்யாகிவிடும்.

மெய்யை எழுதினால், கடைசி வரியில் இருக்கும் தேதியை நம்பிப் பத்திரிகை அடிக்கலாம். பந்தல்காரருக்கு முன்பணம் கொடுக்கலாம். உறவினருக்கு நாள் சொல்லலாம்.